காலையில் பிழை, மத்தியானம் சரி: லினக்ஸ் கேள்வி பதில்

உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகளை வைத்திருக்கும் நம் டெல்டா நண்பர்கள் கேட்டவை இவை. எல்லாமே, மென்பொருளை இறக்கி நிறுவும் ஏபிடி என்ற கருவியில் விட்டு விட்டு வரும் பிழைகள்.

மன்னார்குடி, பள்ளி ஆசிரியை: சார், லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் காலையில் அப்டேட் கொடுத்தால் 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்' என்று வருகிறது. கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. ஏன்?

டீச்சர், கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சிஆர்2032 பேட்டரி இருக்கும். அது தீர்ந்திருந்தால், சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைத்ததும் நேரம் பின்தங்கிவிடும். நேற்று இரவு மிரரில் (மென்பொருள்களின் பிரதிகளை வைத்திருக்கும் சர்வரில்) வந்த பட்டியல், உங்கள் கம்ப்யூட்டருக்கு நாளைய தேதி போட்டதாகத் தெரியும், அதனால் ஏற்க மறுக்கும். நெட் வழியாக நேரம் திருந்தியதும் பிழையும் போய்விடும். பிழை வரும்போதே டெர்மினலில் 'டேட்' என்று அடித்துப் பாருங்கள். நேரம் தப்பாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கும்பகோணம், ஜெராக்ஸ் கடை: அண்ணே, சில நாள் ஆன் செய்ததுமே 'குட் நாட் கெட் லாக்' வருது. அந்த லாக் ஃபைலை அழிச்சிடலாமா?

வேண்டாம் தம்பி. லாக் என்றால் பூட்டு, ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல் ஓடாமல் தடுப்பது. பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். இது முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல: அது முடிந்தால்தான் உங்கள் முறை. பத்து நிமிடம் பொறுங்கள். நடுவில் கரண்ட் போய் நிறுவல் பாதியில் நின்றிருந்தால், 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும்.

நாகப்பட்டினம்: 'டெம்பரரி ஃபெயிலியர் ரிசால்விங்' அடிக்கடி வருகிறது.

தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு, ஏபிடி மேல் தப்பில்லை. கூகுளின் 8.8.8.8 என்ற எண் முகவரிக்கு பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போய், தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ் முகவரியை மாற்றுங்கள்.

திருவையாறு, கல்லூரி மாணவர்: அண்ணா, 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை.

இறக்கிய ஃபைலும் பட்டியலில் உள்ள கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். மிரர் புதுப்பிக்கப்படும் நேரத்தில் நீங்கள் போய் நின்றால் இப்படி ஆகும். உங்களுக்கும் மிரருக்கும் இடையில் நின்று ஃபைல்களை வாங்கித் தரும் ப்ராக்ஸி சர்வர் பழைய பிரதியைக் கொடுத்தாலும் ஆகும். ஏபிடி பட்டியல்களைச் சேமிக்கும் லிஸ்ட்ஸ் ஃபோல்டரில் (/var/lib/apt/lists) உள்ளதை அழித்து, மறுபடி அப்டேட் கொடுங்கள். போகவில்லையென்றால் வேறு மிரர். அப்புறம் முக்கியமாக, ஒவ்வொரு முறையும் எந்த ஃபைலில் பிழை வருகிறது என்று எழுதி வையுங்கள்.

அதே மாணவர்: எழுதி வைத்தேன் அண்ணா. மிரரும் மாற்றியாச்சு. நாலு முறையும் வேறு வேறு ஃபைல்.

மிரர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே ஃபைலில்தான் திரும்பத் திரும்ப வரும். இப்படி மாறி மாறி வந்தால் கம்ப்யூட்டரின் நினைவகமான ராமைச் சந்தேகப்படுங்கள். என் டெஸ்க்டாப்பிலும் இதேதான் நடந்தது. இரண்டு நாள் மிரர்களை மாற்றிக்கொண்டே இருந்தேன், கடைசியில் ஒரு ராம் பழுது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமைப் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் போதும், ராம்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் புராஜெக்ட் ஃபைல்களை வைக்காதீர்கள்.