வயர்லெஸ் நெட்வொர்க்கில் சிக்னல்கள் ஒன்றையொன்று கெடுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஒரே அலைவரிசையைப் பலர் பயன்படுத்தும்போது, ஒருவருடைய சிக்னல் இன்னொருவருக்கு இரைச்சலாகப் போய்ச் சேரும். இதுதான் இடையூறு. இதைக் குறைக்கும் வழிகளில் இரண்டு: சிக்னலை அனுப்பும் வலுவை, அதாவது பவரை, அளவோடு வைக்கும் திறன் கட்டுப்பாடு; பல ஆன்டெனாக்களைச் சேர்த்து அமைக்கும் ஆன்டெனா வரிசை.

ஒரு கூடத்தில் பலர் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் குரலை உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவரும் உயர்த்துவார். கடைசியில் எல்லாரும் கத்துவார்கள், யாருக்கும் எதுவும் புரியாது. எதிரில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்குப் பேசினால் போதுமே! திறன் கட்டுப்பாடு என்பது இவ்வளவுதான். செல்போன் கோபுரத்தின் அருகில் இருக்கும் போன் மெதுவாகப் பேசும், தள்ளியிருப்பது உரக்கப் பேசும். டபிள்யூசிடிஎம்ஏ என்ற 3ஜி செல்போன் தொழில்நுட்பத்தில் 'கூட்டு', 'குறை' என்று கோபுரம் நொடிக்கு 1500 முறை போனுக்குச் சொல்லும்.

சரி, ஆன்டெனா வரிசை எதற்கு? பல சிறு ஆன்டெனாக்கள் ஒரே சிக்னலை இம்மியளவு நேர வித்தியாசத்தில் அனுப்பும். ஒரு திசையில் அலைகளின் முகடுகள் ஒன்றுசேர்ந்து வலுக்கும். வேறொரு திசையில் முகடும் பள்ளமும் சேர்ந்து அடங்கிவிடும். அடங்கும் திசை பக்கத்துப் பயனர் பக்கம் விழுமாறு அமைத்தால் அவருக்குத் தொல்லையில்லை. வாயருகே கையைக் குவித்துப் பேசுவது மாதிரி. இத்தனைக்கும் ஆன்டெனா அசைவதேயில்லை.

பவரைக் கூட்டினால் சிக்னல் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாரும் கூட்டினால் இடையூறும் அதே அளவுக்குக் கூடிவிடும்.