சனிக்கிழமை போஸ்ட், திங்கட்கிழமை சஸ்பென்ஷன்

கேள்வி: நியூஜெர்சியில் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கும் என் மகன், சனிக்கிழமை இரவு வீட்டிலிருந்து கோச்சைப் பெயர் சொல்லித் திட்டி ஸ்னாப்சாட்டில் போட்டுவிட்டான். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பள்ளிக்கு அனுப்ப, திங்கட்கிழமை உதவி முதல்வர் கூப்பிட்டுப் போனைத் திறக்கச் சொல்லி, போட்டோ, வாட்ஸப் எல்லாம் பார்த்திருக்கிறார். பள்ளியில் இருக்கும் போலீஸ்காரரும் உட்கார்ந்து கேள்வி கேட்டாராம். ஐந்து நாள் சஸ்பென்ஷன். நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். எங்களுக்கு உரிமை ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. விசா பயத்தை முதலில் ஓரமாக வையுங்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் முறையான நடைமுறைக்கான உரிமையை (தண்டிக்கும் முன் நியாயமாக விசாரிக்க வேண்டும் என்பதை) குடிமக்களுக்கு மட்டும் தரவில்லை, 'எந்த நபருக்கும்' என்றுதான் சொல்கிறது. உரிய ஆவணங்கள் இல்லாத பிள்ளைகளுக்குக்கூட அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. ஆனால் இந்த உரிமைகள் எல்லாம் அரசுக்கு எதிரானவை, தனியார் பள்ளி என்றால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

போஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். பென்சில்வேனியாவில் சியர்லீடிங் (ஆட்டங்களில் ஆடிப்பாடி உற்சாகமூட்டும்) குழுவில், மேல்நிலை அணியில் இடம் கிடைக்காத கோபத்தில் ஒரு மாணவி, இதேபோல ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கு வெளியே, ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தை போட்டாள். பள்ளி அவளை ஒரு வருடம் குழுவிலிருந்து நீக்கியது. 2021-ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்று மாணவி பக்கம் நின்றது. உங்கள் வழக்குக்கு அச்சு அசலாகப் பொருந்துவதுபோல் தெரிகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெண் யார் பெயரையும் குறிப்பிடவில்லை, நீதிமன்றம் அதைக் கவனித்தே எழுதியது. குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்த கடுமையான தொல்லை, மிரட்டல் என்றால் வீட்டிலிருந்து போட்டாலும் பள்ளி தலையிடலாம் என்றும் சொன்னது. கோச்சின் பெயரைப் போட்டதுதான் இடிக்கிறது. வெறும் வசவா, 'உன்னை ஒரு கை பார்க்கிறேன்' ரகமா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும், அந்த ஸ்கிரீன்ஷாட்டை நான் பார்க்க வேண்டும்.

போன் விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது என்பது என் கருத்து. இதற்கான அடிப்படைத் தீர்ப்பே உங்கள் ஊர்ப்பக்கம் பிஸ்கடவே பள்ளியில் ஆரம்பித்ததுதான்: 1980-ல் கழிப்பறையில் சிகரெட் பிடித்ததாக 14 வயதுப் பெண்ணின் கைப்பையைச் சோதித்தார்கள், கஞ்சா கிடைத்தது. 1985-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்தப் பெண் தோற்றுப்போனாள், ஆனால் மாணவர்களுக்கு ஒரு விதி கிடைத்தது. நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் நான்காவது திருத்தம் பள்ளிக்குள்ளும் செல்லும். வாரண்ட் வேண்டாம், நியாயமான சந்தேகம் போதும், ஆனால் சோதனை அந்தச் சந்தேகத்தின் அளவைத் தாண்டக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் கையிலேயே இருக்கும்போது வாட்ஸப்பில் எதைத் தேடினார் உதவி முதல்வர்? அவன் தானாகக் கொடுத்தான் என்பார்கள். அதனால் அறையில் யார் என்ன சொன்னார்கள் என்பதை இன்றைக்கே பையனை உட்காரவைத்து எழுதி வாங்குங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்தப் போலீஸ்காரர்தான். பிரின்சிபால் மட்டும் விசாரித்தால் 'பேசாமல் இருக்க உரிமை உண்டு' என்ற எச்சரிக்கை பொதுவாகத் தேவையில்லை. போலீஸ் விசாரித்து, எழுந்து போக முடியாது என்று பிள்ளைக்குத் தோன்றும் நிலை இருந்தால் தேவை. அதை முடிவு செய்யும்போது வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2011-ல் 13 வயதுப் பையன் ஒருவனின் வழக்கில் தீர்ப்பு வந்தது. இனிமேல் சீருடையில் யார் கேட்டாலும் அவன் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அப்பா அம்மாவும் வக்கீலும் வரட்டும், அப்புறம் பேசுகிறேன்." மரியாதையாகச் சொன்னால் போதும்.

சஸ்பென்ஷனுக்கு உச்ச நீதிமன்றத்தின் 1975 தீர்ப்பு இருக்கிறது. பத்து நாள் வரை என்றால், குற்றச்சாட்டு என்ன, ஆதாரம் என்ன என்று சொல்லி, அவன் தரப்பையும் கேட்டிருக்க வேண்டும். வக்கீல் வைக்கும் உரிமை எல்லாம் அதில் இல்லை, இரண்டு நிமிடப் பேச்சிலேயே முடித்துவிடலாம். அதைக்கூடச் செய்யவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள்.

சஸ்பென்ஷன் கடிதத்தையும் பள்ளியின் ஒழுங்கு விதிகளையும் எழுத்தில் கேளுங்கள். போனில் எதையும் அழிக்க விடாதீர்கள். பள்ளி சஸ்பென்ஷன் குற்றத் தீர்ப்பு ஆகாது. ஆனால் போலீஸ் புகார் பதிவானால், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இமிக்ரேஷன் வக்கீல் ஒருவரையும் பார்த்துவிடுங்கள்.