அப்பாவுக்குக் கால் ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கிற வலைக்குழல்) வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

ரத்தக்குழாய்க்குள் குழல் விட்டுச் சிகிச்சை செய்கிற கேத் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன், டாக்டர் இல்லை. அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்பாவுக்கு நடந்தால் மட்டும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அவசரம் இல்லை. பீடி, சிகரெட்டை அடியோடு விடணும். ரத்தம் உறையாமல் இருக்கவும் கொழுப்புக்கும் மாத்திரை. கூடவே நடை: வலி வரும்வரை நடந்து, நின்று, விட்டதும் திரும்ப நடந்து, அரைமணி நேரமாவது, வாரம் 3 நாள், 3 மாதம். பலருக்கு இதிலேயே நடக்கும் தூரம் கூடிவிடும். பில் போட முடியாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

ராத்திரி படுத்தால் பாதம் வலிக்கிறது, கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் சுகம், விரலில் புண் ஆறவில்லை என்றால் கதையே வேறு. காலையே எடுக்க வேண்டி வரலாம், தள்ளிப்போடாதீர்கள்.

அடைப்பு எந்த இடத்தில் என்று கேளுங்கள். இடுப்புப் பக்கக் குழாய் அகலமானது, அங்கே ஸ்டென்ட் வருடக்கணக்கில் நன்றாக நிற்கும். தொடையில் அப்படி இல்லை. உட்கார்ந்து எழும்போதெல்லாம் குழாய் மடங்கி முறுக்கும். அதனால் அமுக்கினாலும் தானே விரிகிற, நிட்டினால் என்கிற உலோகத்தில் செய்த வலைதான் வைப்பார்கள், அதிலும் திரும்ப அடைக்க வாய்ப்புண்டு. முழங்கால் மடிப்பில் முடிந்தவரை ஸ்டென்டைத் தவிர்ப்பார்கள். அதற்குக் கீழே, சர்க்கரைக்காரர்களுக்கு அடைக்கிற சின்னக் குழாய்களில், பெரும்பாலும் பலூன் விட்டு விரிப்பது மட்டும்தான். நீள அடைப்பென்றால் பைபாஸ் (அடைப்பைச் சுற்றி மாற்றுக் குழாய் இணைக்கிற ஆபரேஷன்) பற்றியும் கேளுங்கள்.

இதய வைத்தியத்தைக் காலுக்குக் கொண்டுவந்தார்கள் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. 1964இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பாட்டிக்குத்தான் சார்லஸ் டாட்டர் முதலில் தொடைக் குழாயைக் குழல் விட்டு விரித்தார். இதயத்தில் பலூன் வந்தது 1977இல்.

பெரும்பாலும் தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், அப்பா விழித்திருப்பார். படத்தில் குழாய் தெரிவதற்காக விடுகிற டை என்ற மருந்து போகும்போது கால் முழுக்கச் சூடு ஓடும். பயந்து அசைத்தால் படம் கலங்கிவிடும், திரும்ப டை விடணும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (கிட்னி அளவு) கூடுதல், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வைத்த பிறகு, பல் பிடுங்கப் போனால்கூட டாக்டரைக் கேட்காமல், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற க்ளோபிடோக்ரெல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், சில மணி நேரம்தான் கையில் இருக்கும்.