கடை வாசலில் தொங்கும் அட்டைகள்

வணக்கம் ஐயா,

கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் கொப்பி, பென்சில், ரொபி வாங்கும் கடையின் வாசலில், அரைகுறை உடுப்போடு நடிகைகள் நிற்கும் சினிமாப் புத்தகங்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கேட்டால், "போனில இல்லாததா டீச்சர்?" என்று முதலாளி சிரிக்கிறார். இவற்றைத் தடைசெய்யக் கோரிக் கையெழுத்துச் சேர்க்கிறோம். எங்கள் கலாசாரத்தைக் காக்க நீங்களும் கையெழுத்திட வேண்டும்.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மனுவில் 'தடை', 'கலாசாரம்' இரண்டையும் வெட்டிவிடுங்கள்.

ஆபாச வெளியீடுகளுக்கு எதிரான கட்டளைச் சட்டம் இங்கே 1927இலிருந்தே இருக்கிறது. ஒரு சினிமா அட்டை அதற்குள் அடங்குமா என்று வழக்காடப் போனால், தீர்ப்பு வருமுன் உங்கள் பிள்ளைகள் ஓ.எல். பரீட்சையே எழுதிவிடுவார்கள். கலாசாரம் என்று தொடங்கினாலோ, அடுத்த கிழமையே உங்கள் இளம் ஆசிரியைகளின் உடுப்பை அளக்க நாலு பேர் கிளம்புவார்கள். இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

பிரிட்டனில் 2013இல் இதே பிரச்சினை பெரிதாகக் கிளம்பியது. பெண்கள் அமைப்புகள் கடைக்காரர்களோடு மல்லுக்கட்டின. கோ-ஆப் என்ற அங்குள்ள பெரிய கடைத்தொடர், அட்டையை மறைக்கும் உறையில் போட்டுத் தந்தால்தான் விற்போம் என்று பதிப்பாளர்களுக்குக் கெடு வைத்தது. 'நட்ஸ்' என்ற இதழ் மறுத்தது, கோ-ஆப் அதை எடுத்துவிட்டது. மறுவருடம் அந்த இதழே நின்றுபோனது. (எல்லாப் புகழும் போராட்டத்துக்கு இல்லை, அதன் விற்பனை ஏற்கெனவே படுத்திருந்தது.) அங்கே வாசிப்பதை யாரும் தடுக்கவில்லை. பெண்கள் அமைப்புகள் விற்கவே வேண்டாம் என்றன, கோ-ஆப் பேசியது எப்படி வைப்பது என்பதைத்தான். லண்டனில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்களைக் கேளுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத 'மேல்தட்டு' என்றால் என்ன புத்தகம் என்று உடனே சொல்வார்கள்.

போன் கதைக்கு வருவோம். போனைப் பூட்டலாம், பறிக்கலாம். அது தாய் தகப்பன் பாடு. கடை வாசல் அப்படியா? பெரியவர்கள் நாலு பேர் நிற்க, இது சாதாரணம் என்று அங்கே காட்டப்படுகிறது. முல்லைத்தீவு வீதியில் ஒரு கடையில் பார்த்தேன். ஒரு பெடியன் அட்டையைக் காட்டி மற்றவனைத் தோளால் இடித்தான். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை மிச்சக்காசை எண்ணாமலே வெளியே போய்விட்டாள். அவள் வாங்க வந்தது ஓர் அழிறப்பர்.

ஆகவே முதலாளியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கயிற்றை அவிழ்த்துப் புத்தகங்களை உள்ளே, பால்மா அடுக்கியிருக்கும் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். வாங்குகிறவர் கேட்டு வாங்கட்டும். முதலாளிக்கு நட்டம் பெரிதாக வராது. நீங்கள் தனியே போகாமல், அந்தக் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கும் இரண்டு அம்மாமாரையும் கூட்டிப் போங்கள். அவர்களிடம் அவர் அப்படிச் சிரிக்க மாட்டார். அதற்கும் மசியாவிட்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பிறகு பிரதேச சபை.

மனுவைத் திருத்தி அனுப்புங்கள், கையெழுத்து வைக்கிறேன். இப்போதிருக்கிற மாதிரியே என்றால் வைக்க மாட்டேன்.