வீட்டுப் பட்டறையில் லேத்தை இறக்குவது எப்படி?

கேள்வி: வீட்டின் பின்புறம் ஓட்டுச் சாய்ப்பில் சிறு பட்டறை அமைக்கிறேன். 600 கிலோ எடையுள்ள பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று வருகிறது. சாய்ப்பின் பனங்கையில் செயின் பிளாக்கை (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவியை) கட்டி அதை இறக்கலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தயவுசெய்து வேண்டாம். வைரம் பாய்ந்த பனங்கை ஓட்டின் பாரத்தைத் தலைமுறைகளாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாரம் கூரை முழுவதும் பரவி நிற்பது. ஒரே இடத்தில் தொங்கும் 600 கிலோ வேறு கணக்கு, அதிலும் சுவருக்குள் செருகிய முனையைக் கரையான் அரித்திருந்தால் வெளியே தெரியாது.

இருபுறமும் 'ஏ' வடிவக் கால்கள் வைத்து, அவற்றின் மேல் 150 மி.மீ. உயரமுள்ள ஐ-பீம் ('I' வடிவ இரும்பு உத்தரம்) ஒன்றைப் போல்ட்டால் இறுக்குங்கள். 3 மீட்டர் நீளத்துக்கு அது ஏறத்தாழ 45 கிலோ இருக்கும். உங்கள் லேத்தின் எடைக்குப் பீம் நடுவில் 2 மி.மீ. அளவே வளையும். பெரும்பாலும் பீம் ஒடிவதில்லை, கால்கள்தாம் பக்கவாட்டில் சாயும். ஆகவே குறுக்குத் தாங்கிகளில் சிக்கனம் பார்க்காதீர்கள். வெல்டிங்கை அனுபவமுள்ளவரிடம் ஒப்படையுங்கள். கொக்கியை முறுக்குக் கம்பியில் வளைத்துச் செய்யவே கூடாது; ஒரு டன் முத்திரையுள்ள செயின் பிளாக்கைக் கொக்கியோடு வாங்குங்கள்.

முதலில் 50 கிலோ சிமென்ட் மூட்டைகள் 15 அடுக்கிய பலகையைத் தரையிலிருந்து நான்கு விரற்கடை மட்டும் உயர்த்திச் சோதியுங்கள். லேத்தில் ஹெட்ஸ்டாக் (வேலைப்பொருளைச் சுழற்றும் தலைப்பகுதி) பக்கமே கனம் அதிகம் என்பதால், சாடிலை (வெட்டுளியைத் தாங்கி நகரும் பகுதியை) எதிர்முனைக்குத் தள்ளிப் பூட்டி, தூக்கும் பெல்ட்டை லேத்தின் படுக்கைக்கு (நீண்ட அடிச்சட்டத்துக்கு) அடியில் கொடுங்கள். லீட் ஸ்குரூவில் (சாடிலை நகர்த்தும் நீண்ட திருகுத் தண்டில்) பெல்ட் அழுந்தினால் அந்தத் தண்டு வளைந்துவிடும்.