வண்டி கேள்வி பதில்: 2003 இசட்டா, 2007 இசட்டா?

கேள்வி: அண்ணே, எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி பக்கம், இப்போது ஷார்ஜாவில் வேலை. ரொம்ப நாள் ஆசை, செகண்ட் ஹாண்டில் நிஸ்ஸான் 350இசட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பார்க்கிறேன். 2003, 2006, 2007 என்று மூன்று வண்டி கண்ணில் பட்டிருக்கிறது, மூன்றும் மேனுவல் கியர். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது, ஆனால் 2007-க்கு விலை நிறைய சொல்கிறார்கள். கொடுக்கலாமா? ஊருக்குத் திரும்பும்போது கையோடு கொண்டுவர முடியுமா?

பதில்: தம்பி, கொண்டுவருகிற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். பழைய காரை இந்தியாவில் இறக்க வேண்டுமானால் தயாராகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும். 350இசட் கூப்பே 2008-லேயே நின்றுவிட்டது, அங்கே ஓடுவதோ இடப்பக்க ஸ்டியரிங். அதனால் ஆசை தீர அங்கேயே ஓட்டி, அங்கேயே விற்றுவிட்டு வருகிற வண்டியாக நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

வெளியே ஒன்று போல இருந்தாலும் பானெட்டுக்குள் கதை வேறு. 2003-ல் இருப்பது 3.5 லிட்டர் வி6, அமெரிக்கக் கணக்கில் 287 குதிரைத்திறன், எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரில் சிவப்புக் கோடு நிமிடத்துக்கு 6600 சுற்றில் தொடங்கும். அதே எஞ்சினை 7000 வரை சுற்றவிட்டு 300 குதிரைத்திறன் ஆக்கி, 2005-ல் சில மேனுவல் வண்டிகளிலும் 2006 மேனுவலிலும் வைத்தார்கள், இழுவை என்னவோ கொஞ்சம் குறைந்தது. 2007-ல் வந்ததுதான் எச்ஆர். பெரும்பகுதி புதிதாகச் செய்த எஞ்சின், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் காற்று வழி, 306 குதிரைத்திறன், 7500 வரை சலிக்காமல் ஏறும். எஞ்சின் உயரம் கூடியதால் பானெட் நடுவே ஒரு புடைப்பு இருக்கும். 2007 என்று சொல்லி, புடைப்பு இல்லாத வண்டியைக் காட்டினால், முன்பக்கம் அடிபட்டு மாற்றியிருக்கிறார்கள் அல்லது வருடத்தையே மாற்றிச் சொல்கிறார்கள்.

இப்போது வியாதிகளுக்கு வருவோம், காசு போவது அங்கேதான். 2003 வண்டியில் கியர்பாக்ஸைப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய், நீங்களே ஸ்டார்ட் செய்து, இரண்டாவது மூன்றாவது கியருக்கு மாற்றிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் சிங்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ உதவும் வளையம், தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நிஸ்ஸானே பிறகு கியர்பாக்ஸைத் திருத்திப் புது வடிவம் கொண்டுவந்தது, அதைப் போட்டிருந்தால் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவுங்கள், ரம்பப் பல் மாதிரி தட்டுப்பட்டால் அது இந்த ஆரம்ப வருட வண்டிகளுக்கே உரிய தொல்லை. கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டாரும் போகும், அது சின்னச் செலவுதான்.

2006-ன் பேச்சு ஒன்றே ஒன்று: ஆயில் குடிக்கும். எல்லா வண்டியும் அப்படியில்லை, ஆனால் குடிக்கிற வண்டி நிறுத்தாமல் குடிக்கும், முந்தின ஓனர் டிப்ஸ்டிக் பார்க்காமலே ஓட்டியிருந்தால் எஞ்சினுக்குள் என்ன தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இல்லாத 2006-ஐ நான் தொடச் சொல்ல மாட்டேன்.

2007 எச்ஆர் எஞ்சினுக்கும் குறை உண்டு. டைமிங் செயின் கவருக்கு உள்ளே ஆயில் போகும் வழியில் ஆயில் கசியாமல் அடைக்கும் காகித கேஸ்கெட் ஒன்று இருக்கிறது, நாளானால் அது கிழிந்து ஆயில் பிரஷர் இறங்கும். கேஸ்கெட் விலை ஒன்றுமில்லை, ஆனால் அதை எட்டுவதற்கு எஞ்சின் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும், கூலிதான் பிடிக்கும். டேஷ்போர்டு நடுவில் இருக்கும் மூன்று மீட்டரில் ஆயில் பிரஷர் மீட்டரும் ஒன்று, நன்றாக ஓட்டிச் சூடான பிறகு ஐட்லிங்கில் முள் அடியோடு படுத்துவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கிற பாகம். பழைய வண்டியில் அது வெளியே இருந்தது, 2007-ல் கியர்பாக்ஸுக்குள்ளே போய்விட்டது, ஒழுகினால் கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற முடியும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் ஓட்டு 2007-க்குத்தான், அந்தக் காகித கேஸ்கெட்டுக்குப் பதில் மெட்டல் கேஸ்கெட் போட்டாயிற்று என்று ஒர்க்‌ஷாப் பில் இருந்தால் விலை கூடுதலாக இருந்தாலும் தயங்காதீர்கள், விற்கும்போதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அப்படி அமையவில்லையென்றால் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிற 2003. எதுவானாலும் அமெரிக்காவில் மோதி ஏலத்தில் போய், வளைகுடாவுக்கு வந்து பெயின்ட் அடித்த வண்டியா என்று சேசிஸ் நம்பரை வைத்துப் பார்த்துவிடுங்கள், பளபளப்பில் மயங்க வேண்டாம்.

கேள்வி: சென்னையில் பழைய 370இசட் ஒன்று விலைக்கு வருகிறது. கும்பகோணத்தில் வைத்து ஓட்ட முடியுமா?

பதில்: 350இசட்டுக்கு அடுத்து வந்தது இது, இங்கேயே விற்பனைக்கு வந்த வண்டி, வலப்பக்க ஸ்டியரிங், சட்டச் சிக்கல் கிடையாது. எஞ்சின் 3.7 லிட்டர், மேலே சொன்ன கேஸ்கெட் வியாதி இதன் ஆரம்ப வருட வண்டிகளிலும் உண்டு, அதே சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

ஓட்டுவதில் எனக்குக் கவலை வேகத்தடை மட்டுமில்லை. அறுவடை சமயத்தில் நம் பக்கத்து ரோடுகளில் நெல்லும் வைக்கோலும் காயப் போட்டிருப்பார்கள், இவ்வளவு தாழ்ந்த வண்டி அதன் மேல் ஏறினால் வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் ஒட்டும், தீப்பிடிக்கிற அபாயம் நிஜமானது. அந்த மாதங்களில் வரப்போர கிராமத்து ரோட்டை விட்டு நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுங்கள், தவறி ஏறிவிட்டால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, ஆறிய பிறகு குனிந்து பார்த்து இழுத்துப் போடுங்கள். வயலை ஒட்டிய ஷெட்டில் வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் எலி ஒயரைக் கடிக்கும், அதனால் அடிக்கடி பானெட்டைத் திறந்து பாருங்கள்.