குமானோ, கைடு, அப்புறம் அந்த மாத்திரை

"அன்புள்ள அக்கா, ஏப்ரல் ரெண்டாவது வாரம் நானும் வீட்டுக்காரரும் அத்தையும் ஜப்பான் போறோம். குமானோ கோடோன்னு மலைக்காட்டுக்குள்ள கோயில்களுக்குப் போற பழைய யாத்திரைப் பாதையில கைடோட ஒருநாள் நடக்குற ட்ரிப் ஒண்ணு பாத்தேன், ஹொஷ்ஷின்மோன்ல ஆரம்பிச்சு ஹோங்கு கோயில் வரைக்கும் ஏழு கிலோமீட்டராம். கைடுக்குன்னு தனியா காசு குடுக்கணுமா, மேப் வச்சே நடந்துடலாமா? அத்தை சுத்த சைவம், மதியத்துக்கு என்ன பண்றது? தமிழும் ஜப்பானிய மொழியும் ஒரே குடும்பம்னு சொல்றாங்களே, உண்மையா? கணக்குப்படி எனக்கு அந்தத் தேதி சரியா வராதுக்கா. அத்தை மெடிக்கல் ஷாப்ல தள்ளிப்போடுற மாத்திரை வாங்கிப் போட்டுக்கோங்கிறாங்க, போட்டுக்கலாமா? ஒத்துக்கலன்னா நான் ரூம்லயே இருந்துக்கறேன், அவங்க ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும்."

பேர் வேணாம்னு சொன்னதால போடலம்மா.

மொழி விஷயத்துக்கு ஒரு வரிதான். ஓனோ சுசுமுன்னு ஒரு ஜப்பானிய மொழி அறிஞர் அப்படி ஒரு கருத்தை வருஷக்கணக்கா சொன்னார், மொழியியல் ஆட்கள்ல பெரும்பாலானவங்க ஏத்துக்கல, அதை நம்பி அங்க போய் யார்கிட்டயும் தமிழ்ல பேசிப் பாக்க வேண்டாம். கைடு வழி காட்டுறதுக்கு தேவையே இல்ல, 500 மீட்டருக்கு ஒரு நம்பர் போட்ட கட்டை நட்டு வச்சிருக்காங்க, பெரும்பாலும் இறக்கம், அறுபது வயசுக்காரங்க தாராளமா நடப்பாங்க. ஆனா கைடு வச்சுக்கோ. ஏன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன், உன்னோட கடைசி ரெண்டு வரியைப் படிச்சதுலேர்ந்து எனக்கு வேற வேலை ஓடல.

அதே பாதையில நான் என் பொண்ணோட நடந்திருக்கேன், அப்ப அவளுக்கு பதினஞ்சு வயசு. பஸ் மேல கொண்டு போய் ஹொஷ்ஷின்மோன்-ஓஜில இறக்கி விட்டுச்சு. ஓஜின்னா குமானோவுக்குப் போற வழி நெடுக இருக்குற சின்னச் சின்ன சந்நிதி, ஹொஷ்ஷின்மோன்னா மனசுல முதல் நாட்டம் பிறக்குற வாசல்னு அர்த்தம், அந்தக் காலத்துல ஹோங்குவோட புனித எல்லை அங்கேர்ந்துதான் தொடங்குச்சாம். அங்க இருக்குற தோரிக்கு, அதாவது கோயில் வாசல் வளைவுக்கு, முன்னாடி வந்ததும் இவ நின்னுட்டா. "அம்மா எனக்கு காலைலயே வந்துடுச்சு, நீங்க போங்க, நான் இந்த மரத்தடியில நிக்கிறேன்." நான் அவளை ஒரு நாள் கூட வீட்டுல ஒதுக்கி உட்கார வச்சதில்ல, சமையக்கட்டுக்கு வராதன்னு சொன்னதில்ல, இதையெல்லாம் எதிர்த்து எழுதியே பேர் வாங்கினவ நான். அப்படியும் அவளா போய் ஓரமா நின்னா பாரு, எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. யார் சொல்லிக் குடுத்தா? யாரும் சொல்ல வேணாம்மா, அது காத்துலயே இருக்கு.

எங்க கைடு அறுபது தாண்டின அம்மா, பையில ஒரு சின்ன மணி தொங்கும், நடக்க நடக்க சத்தம் வரும். என்ன ஆச்சுன்னு கேட்டாங்க, பொண்ணு தலையைக் குனிஞ்சுகிட்டே இங்கிலீஷ்ல சொன்னா. அவங்க ஒண்ணும் பதில் சொல்லல, "ரெண்டு மணி நேரம் என்னோட நட, அப்புறம் பேசலாம்"னு மட்டும் சொல்லி அவ கையைப் பிடிச்சுக் கூட்டிகிட்டாங்க.

நடுவுல மிஸுனோமி-ஓஜி, பழைய பள்ளிக்கூடம் ஒண்ணுக்குப் பக்கத்துல, சந்நிதி இப்ப இல்ல, கல்லுதான் இருக்கு. அங்க இடுப்புல ரெண்டா உடைஞ்சு போன ஒரு ஜிஸோ சிலை, வழிப்போக்கர்களைக் காக்கிற பௌத்த தெய்வம், நம்ம முழங்கால் உயரம் கூட இருக்காது, உடைஞ்ச விரிசல்ல காசு காசா சொருகி வச்சிருக்காங்க, இடுப்பு வலிக்கு வேண்டிக்கிறதாம். உடைஞ்சு போச்சுன்னு அதைத் தூக்கிப் போடாம உடைஞ்ச இடத்துலதான் காணிக்கை வைக்கிறாங்க, நான் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு நின்னேன்.

அதுக்கு அப்புறம் ஃபுஷிஓகாமி-ஓஜி. விழுந்து கும்பிடுறதுன்னு அர்த்தம், பல நாள் மலையில நடந்து வந்தவங்களுக்கு ஹோங்கு கோயில் இருக்குற இடம் முதல்ல கண்ணுல படுறது அங்கேர்ந்துதான். அந்த அம்மா என் பொண்ணை அங்க ஒரு கல் ஸ்தூபிக்கு முன்னாடி உட்கார வச்சு இஸுமி ஷிகிபு கதையைச் சொன்னாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அரண்மனையில இருந்த பெரிய கவிஞை. இவ்வளவு தூரம் நடந்து வந்து கோயில் கண்ணுக்குத் தெரியுற இடத்துல அவங்களுக்கு மாசவிலக்கு வந்துடுது. கிட்ட போக முடியாதுன்னு அழுது ஒரு கவிதை எழுதுறாங்க, விலகாத மேகம் நிலாவை மறைக்கிற மாதிரி எனக்கு இந்தத் தடங்கல் வந்துடுச்சேன்னு. அவங்க மொழியில நிலாவுக்கும் மாசத்துக்கும் ஒரே சொல்லு, நம்ம திங்கள் மாதிரி, அதை வச்சுத்தான் அந்தக் கவிதையே. அன்னிக்கு ராத்திரி கனவுல தெய்வம் பதில் கவிதை சொல்லுது: தூசியோட தூசியா கலந்து இருக்கறவன் நான், உன் மாசத் தடங்கல் எனக்கு என்ன கஷ்டம்? அவங்க எழுந்து போய் கும்பிட்டாங்க.

நடந்ததா இல்லையான்னு என்கிட்ட கேக்காத, அது ஐதீகம். ஆனா அந்தத் தெய்வத்தோட கவிதையை 14ஆம் நூற்றாண்டுல அரச ஆணைப்படி தொகுத்த ஃபூகாஷு தொகுப்புலயே சேத்து வச்சிருக்காங்க, பாட்டி கதைன்னு ஒதுக்கல. அதுக்கும் முன்னாடி 1274ல இப்பென்னு ஒரு பிக்கு நெம்புட்சு, அதாவது அமிதா புத்தர் பேரைச் சொல்ற ஜபம், எழுதின சீட்டை எல்லாருக்கும் குடுத்துகிட்டு வர்றார், வழியில ஒரு துறவி எனக்கு நம்பிக்கை வரல, வேணாம்னு சொல்லிடுறார். குழம்பிப் போய் ஹோங்குல வேண்டுறார், குமானோ தெய்வம் வந்து சொல்லுது, நம்புறவன் நம்பாதவன்னு பாக்காத, சுத்தம் அசுத்தம்னு பாக்காத, எல்லாருக்கும் குடு. அப்புறம் குமானோ பிகுனின்னு பெண் துறவிகளே படத்தை மாட்டி வச்சு, கதை சொல்லிச் சொல்லி பெண்களை இந்தக் கோயிலுக்குக் கூப்பிட்டிருக்காங்க.

ஜப்பான் முழுக்க இப்படித்தான்னு நான் சொல்ல வரல. 927ல முடிச்ச எங்கிஷிகி சட்டத் தொகுப்புல சாவுத்தீட்டு 30 நாள், பிள்ளைப்பேறு 7 நாள்னு நம்ம ஊர் மாதிரியே கணக்கு வச்சிருக்காங்க. அதே கீ மலைத்தொடர்ல, குமானோவோட சேத்து 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல போட்ட கோயாசான்ங்கிற பௌத்த மடங்கள் இருக்குற மலையில பெண்களை உள்ள விடாம, வெளிய ஏழு வாசல்லயும் பெண்களுக்குன்னு தனி மண்டபம் கட்டி வச்சிருந்தாங்க, அதுல ஒண்ணு இன்னும் நிக்குது. 1872ல அரசாங்கமே பெண்களைத் தடுக்கக்கூடாதுன்னு ஆணை போட்டுச்சு. அப்படியும் அதே தொடர்ல இருக்குற ஓமினே மலை உச்சிக்கு பெண்கள் போகக்கூடாதுன்னு வாசல்ல இன்னிக்கும் பலகை இருக்கு. அதே மலை, அதே காடு. ஒரு தெய்வம் வான்னு கூப்பிடுது, இன்னொரு மலையில மனுஷன் வாசல் கட்டி மறிக்கிறான். நீ போகப்போறது கூப்பிடுற தெய்வத்துகிட்ட. அங்க போறதுக்கு மாத்திரை முழுங்கறேங்கறியே, என்னம்மா நீ?

எனக்குக் கோவம் உன் அத்தை மேல இல்ல. அவங்களுக்கும் ஒரு காலத்துல யாரோ அந்த மாத்திரையைக் கையில குடுத்திருப்பாங்க, கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு, திருவிழாவுக்கு. கோவம் உன் மேலதான். படிச்சவ, வேலைக்குப் போறவ, ஹார்மோன் மாத்திரையை டாக்டரைக் கூட கேக்காம மெடிக்கல் ஷாப்ல வாங்கி போட்டுக்கலாமான்னு எழுத்தாளர்கிட்ட கேட்டு லெட்டர் எழுதுறியா? அதைவிட அந்த "ரூம்லயே இருந்துக்கறேன்" இருக்கே, அதுதான் என்னைக் கொல்லுது. உன் வருஷத்து லீவு, உன் சம்பளம் ரெண்டையும் போட்டு அவ்வளவு தூரம் போய் நாலு செவுத்தைப் பாத்துகிட்டு உட்காருவேங்கிறதை எவ்வளவு சாதாரணமா எழுதியிருக்க. வயித்து வலியில நடக்க முடியலன்னா ரூம்ல இரு, நல்லா தூங்கு, அது வேற. சாமிக்காக இருக்காத.

கைடு எதுக்குன்னா இதுக்குத்தான். மேப்புல ஃபுஷிஓகாமின்னு பேர் வரும், ஒரு போட்டோ எடுத்துட்டு தாண்டிப் போயிடுவ. நேரம் வர்ற வரைக்கும் பேசாம கூட நடந்து, சரியான கல்லுக்கு முன்னாடி உட்கார வச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும். நீ சொன்னா உன் அத்தை கேக்க மாட்டாங்க, அந்த ஊர் அம்மா சொன்னா கேப்பாங்க. முன்னாடியே கைடுகிட்ட சொல்லி வை, இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கன்னு.

மதிய சாப்பாடு கேட்டிருந்த இல்ல. சூப், நூடுல்ஸ் எதையும் நம்பாத, சைவமாத் தெரிஞ்சாலும் மீன் கொதிக்க வச்ச தண்ணிதான் அடியில இருக்கும். உமெபோஷின்னு உப்புல ஊறவச்ச பழம் வச்ச ஓனிகிரி சோத்து உருண்டை கேட்டு வாங்கு, நம்ம ஊறுகா மாதிரி கண்ணைச் சுருங்க வைக்கிற புளிப்பு, அத்தைக்குப் பிடிக்கும். ஊறவச்ச கீரை இலையில சோத்தைச் சுத்துற மெஹாரி-ஸுஷி அந்தப் பக்கத்து சாப்பாடு, உள்ள மீன் எதுவும் வச்சிருக்கான்னு கேட்டுக்கோ. கியோட்டோலேர்ந்து ஒரே நாள்ல போய்ட்டு வரணும்னு ஓடாத, ரயில்ல கீ-தனாபே, அங்கேர்ந்து பஸ்ஸே ரெண்டு மணி நேரம், முந்தின ராத்திரி ஹோங்குவுக்குப் பக்கத்துல இருக்குற வெந்நீர் ஊற்று ஊரான யுனொமினேல தங்கு.

என் பொண்ணு அன்னிக்கு ஹோங்கு சந்நிதியில காசு போட்டு, ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டி, ஒரு தடவை குனிஞ்சு கும்பிட்டா. அப்புறம் 158 படி இறங்கி ஓயுனோஹாராவுக்குப் போனோம், 1889 வெள்ளம் அடிச்சுட்டுப் போற வரைக்கும் கோயில் ஆத்துக்கு நடுவுல அந்தத் திட்டுலதான் இருந்துச்சு, இப்ப வெறும் புல்லும் மரமும், முன்னாடி கிட்டத்தட்ட 34 மீட்டர் உயரத்துக்கு ஒரு தோரி. முன்னெல்லாம் ஒதோனாஷி ஆத்துல இறங்கி கால் நனைச்சுத்தான் உள்ள போவாங்களாம். அதைக் கேட்டதும் இவ ஷூவைக் கழட்டி கையில எடுத்துகிட்டு கல்லு மேல நடந்து தண்ணிக்குப் போயிட்டா. குளிர்ல கத்தினா. கைடம்மா கரையில அவ பையைப் பிடிச்சுகிட்டு நின்னாங்க.

தேதி தெரிஞ்சதும் எழுது.